இளவேனிற் பணிகள்: திராட்சைப் பந்தலும் இலுப்பைத் தோப்பும்

புதுச்சேரிப் பக்கத்து மடுகரையைச் சுற்றி ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ கொல்லை வைத்திருக்கும் குடும்பத்தார், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் காட்டும் படங்களில், குன்றுச் சரிவு முழுவதும் திராட்சைக் கொடியும் வரப்போரத்தில் வெள்ளி மினுக்கும் இலைகளோடு ஒலிவ மரங்களுமாக விளங்கும் சிறு தோட்டங்களைக் கண்டு, “இதை நம்முடைய மண்ணிலே செய்ய முடியாதா?” என்று என்னைக் கேட்பதுண்டு. பாதி முடியும், பாதி முடியாது என்பதே நான் அவர்களுக்குச் சொல்லி வந்திருக்கும் விடை. முடிகிற பாதி எது, முடியாத பாதிக்கு ஈடாக நம் மண்ணிலே நிற்பது எது என்பதையும், தை மாதம் தொடங்கி வைகாசி முடிய அத்தகைய தோட்டத்தில் கிரமமாகச் செய்யவேண்டிய காரியங்களையும் இந்த அத்தியாயத்தில் சொல்லுகிறேன்.

முதலில் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம். காரணம் விளங்காதவனுக்குப் பட்டியல் எத்தனை கொடுத்தாலும், ஒரு வருஷம் மழை தவறிப் பெய்தவுடன் கை நடுங்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் குளிர் வந்து கொடியையும் மரத்தையும் உறங்கச் செய்கிறது. அந்த உறக்கம் கலைவதே அங்கே வசந்தம். ஒலிவ மரமோ இலை உதிர்க்காவிட்டாலும், சில வாரங்கள் தொடர்ந்து நல்ல குளிரை அனுபவித்த பிறகே பூ மொட்டு வைக்கும் சுபாவம் உடையது. புதுச்சேரிப் பக்கத்தில் மார்கழி, தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே அதிகமாக இறங்குவதில்லை. ஆகையால் இங்கே நட்ட ஒலிவ மரம் செழித்து வளரலாம், நிழலும் தரலாம், காய் மட்டும் தராது. நம் நாட்டில் ஒலிவச் சாகுபடி நடைபெறுகிற இடம் ராஜஸ்தானம்: இஸ்ரேல் நாட்டின் துணையோடு 2008ஆம் ஆண்டை ஒட்டி அங்கே நடவு தொடங்கி, பிகானேர் மாவட்டத்து லுங்கரன்சரில் எண்ணெய் எடுக்கும் ஆலையும் அமைந்தது. பாலைவனத்தின் குளிர்கால இரவு எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்க்கு அதில் ஆச்சரியம் இராது. அந்த இரவு மடுகரைக்கு வாராது. நாற்றுப் பண்ணைகளில் அழகான தொட்டியில் வைத்து விற்கும் ஒலிவக் கன்றைக் காய்க்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

திராட்சைக் கொடியும் குளிர்தேசத்துப் பிறவிதான்; ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. குளிர் வந்து உறங்கச் செய்யாவிட்டாலும், கத்தரி வந்து கிளையைக் குறைத்தால் அது விழித்துக்கொள்கிறது. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே காத்திருந்த மொட்டு, தன்னுடைய வசந்தம் வந்துவிட்டதாகக் கொண்டு வெடிக்கிறது. இந்த ஒரு குணத்தை நம்பித்தான் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில், ஏதாவதொரு தோட்டத்தில் வருஷத்தின் எந்த மாதத்திலும் பழம் தொங்குகிறது. அங்கே பயிராகும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய வகை. 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்கு வந்தது என்று சொல்லப்படுவது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம்முடைய பந்தலுக்கும் இதுவே ஏற்றது. விதையுள்ள பழம், தோல் கருநீலம், வாசனை சொல்லி விளக்கத் தக்கதன்று.

ஆக, இளவேனில் என்பது இந்தக் கொடிக்கு வானம் அருளுவதன்று. நாம் நாள் குறித்துச் செய்துவைப்பது. நாள் குறிப்பதிலேதான் மடுகரைக்காரன் கம்பத்துக்காரனிடமிருந்து வேறுபட்டாக வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோடைப் பயிருக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் கவாத்துச் செய்து ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்யும்படியும், அடுத்த பயிருக்கு மே, ஜூன் மாதங்களில் கவாத்துச் செய்து ஆகஸ்டு, செப்டம்பரில் அறுக்கும்படியும் சிபாரிசு செய்கிறது. இதில் டிசம்பர் என்னும் சொல்லை நம் பக்கத்தார் அடித்துவிடவேண்டும் என்பது என் துணிபு. வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம்மிடம் எப்போது விடைபெறும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. தானே புயல் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது; மார்கழி பாதியை நெருங்கிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று எல்லோரும் எண்ணியிருந்த சமயம் அது. ஃபெஞ்சல் புயல் 2024ஆம் ஆண்டு நவம்பர் 30இல் வந்து, அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் புரண்ட வெள்ளம் பாகூர்ப் பக்கத்து வயல்களில் ஏறியது. இளந்தளிர் விட்ட பந்தலின்மேல் இப்படி ஒரு மழை விழுந்தால், காற்று சாய்க்காததை அடிச்சாம்பல் நோய் முடித்துவிடும். நானே ஒரு வருஷம் பொங்கல் சந்தைக்குச் சற்றுப் பின்னால் பழம் கொண்டுபோகலாம் என்ற ஆசையினால் ஐப்பசியிலே கவாத்துச் செய்தேன். கார்த்திகை மழையில் இலையின் மேற்புறம் எண்ணெய் தெளித்தாற்போன்ற மஞ்சட் புள்ளியும், திருப்பிப் பார்த்தால் வெண்பஞ்சு போன்ற பூசணமும் கண்டு, பத்தே நாளில் பந்தல் முழுதும் கருகி உதிர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. எனவே பொங்கலுக்குப் புதுப்பானை வைத்து இறக்கி, மாட்டுப் பொங்கலும் முடிந்து, அதன்பின் வரும் வாரத்தில் கத்தரியை எடுங்கள். அன்றிலிருந்து ஏறக்குறைய 120 நாட்களில், வைகாசி பிறக்கும் தறுவாயில், குலை பழுக்கும்.

கவாத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே பாய்ச்சலை நிறுத்திவிடவேண்டும். பெருந்தண்டிலும் கைகளிலும் உரிந்து தொங்கும் பழம்பட்டையைக் கையாலேயே தேய்த்து எடுத்து எரித்துவிடுவது அடுத்த காரியம். உண்ணி வண்டு முட்டையிடுவது அந்தப் பட்டையின் அடியிலேதான். வெடிக்கும் மொட்டை அது ஒருமுறை சுரண்டிவிட்டால், அந்த மொட்டுக்காக நாம் பட்ட பாடெல்லாம் வீண். பிறகு, முற்றிப் பழுப்பேறிய சென்ற பருவத்துக் கிளைகளை நாலு மொட்டு நிறுத்தி வெட்டவும். மெலிந்த, பச்சை மாறாத கிளைகளை ஒன்றிரண்டு மொட்டோடு நிறுத்தினால் அவை இந்தப் பருவத்தில் காய்க்காவிட்டாலும் அடுத்த பருவத்துக்கு நல்ல கிளை கொடுக்கும். எனக்கு இந்த வேலையைக் கற்பித்தவர் கம்பத்துப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர். வெட்டுவதற்கு மனம் வராமல் நான் ஆறும் ஏழுமாக மொட்டு விட்டுக்கொண்டு போனதைக் கண்டு, “நாலு கண்ணு போதும் தம்பி. கூட விட்டா கொடி தழையும், நீங்க தழையத்தான் பறிக்கணும்” என்றார். அந்த வருஷம் அவர் வெட்டிய வரிசையும் நான் வெட்டிய வரிசையும் அருகருகே நின்று அந்த வாக்கை நிரூபித்தன.

வெட்டிய மறுநாள் வெட்டுவாயில் நீர் சொட்டும். புதிதாகப் பந்தல் போட்டவர்கள் அதைக் கண்டு கலங்குவர். வேர் விழித்துவிட்டதற்கு அது அடையாளமே ஒழிய நோயன்று. அன்றே தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டுத் தண்ணீர் கட்டலாம். வேப்பம் பிண்ணாக்கு, வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கும் தடை. சாம்பல் சத்தைப் பாதி இப்போதும் மீதி அறுபது நாள் கழித்தும் கொடுக்கவேண்டும். எவ்வளவு என்பதை மண் பார்த்தே சொல்லமுடியும். குரும்பாபேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். கடலோரக் கிராமங்களைப் போல் உப்பேறிய தண்ணீராக இருந்தால், உப்பைத் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றையே நடவேண்டி வரும். புதுப்பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில், பத்துச் சென்ட் நிலத்துக்கு அறுபத்தைந்து கொடி பிடிக்கும். ஒரு குடும்பம் கூலிக்கு ஆள் வைக்காமல் கவனிக்கக்கூடிய அளவு அதுதான். அதற்கு மேல் முதல் ஐந்து வருஷத்தில் ஆசைப்பட வேண்டாம். கன்று நடும் காலம் ஆனி, ஆடி.

தளிர் வந்ததும் போர்டோக் கலவை. இதன் பிறப்பு வரலாறு அறியத்தக்கது. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், போர்டோவைச் சேர்ந்த மெடோக் பகுதியில், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காமலிருக்கும் பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து, நஞ்சு போல் தோன்றச் செய்யும் வழக்கம் இருந்தது. மற்ற வரிசைகள் இலையிழந்து நிற்கச் சாலையோர வரிசைகள் மட்டும் பசுமையாக நிற்பதைக் கண்ட மில்லார்தே என்னும் பேராசிரியர், ஆராய்ந்து 1885இல் அந்தக் கலவையை உலகுக்குச் சொன்னார். பேராசிரியரின் கண் பெரிதுதான். ஆயினும் தினமும் தன் கொடியை நடந்து பார்க்கிற எந்தக் குடியானவனுக்கும் அந்தக் கண் கிட்டக்கூடும் என்று நான் மனமார நம்புகிறேன்.

செய்முறை எளிது, ஆனால் முறை மாறக்கூடாது. பத்து லிட்டர் கலவைக்கு நூறு கிராம் மயில்துத்தத்தைத் தூளாக்கி ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும், நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை நீற்றி ஐந்து லிட்டர் தண்ணீரில் மற்றொன்றிலும் கரைத்து வடிகட்டிக்கொள்ளவும். இரும்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கவேண்டும். சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றினால் கலவை திரிந்துபோகும். சுத்தமான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் தோய்த்து எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்கவேண்டும். இல்லாவிடில் தளிர் வெந்துவிடும். கலந்த அன்றே, வெயில் ஏறுமுன் தெளித்து முடிக்கவும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைத்தால் பயனில்லை. காய் நிறம் மாறத் தொடங்கியபின் இதைத் தொடவே வேண்டாம்.

மாசியும் பங்குனியும் பந்தலுக்கடியில் அண்ணாந்து நிற்கும் மாதங்கள், கழுத்து வலிக்கும். கொடியின் பற்றுக்கம்பிகள் குலையையே சுற்றிக்கொள்ளுமாதலால் அவற்றைக் கிள்ளிவிடவேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து கணு வளர்ந்த கிளையின் நுனியையும் கிள்ளி, கிளைகளைக் கம்பியில் பரப்பிக் கட்டவேண்டும். பூப்பதற்கு முன் ஒருமுறையும், பத்து நாள் விட்டு மறுமுறையும் போரிக் அமிலம், துத்தநாக சல்பேட், யூரியா மூன்றையும் லிட்டருக்கு முறையே ஒன்று, இரண்டு, பத்துக் கிராம் வீதம் கரைத்து இலைவழி கொடுக்கலாம். காய் பட்டாணி அளவு வந்ததும், நெருங்கிய குலைகளில் ஐந்தில் ஒரு பங்கு காயைக் கத்தரியால் களைந்துவிடவேண்டும். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யத்தக்க வேலை இது, விரல் சிறிதாக இருப்பது இதற்கு அனுகூலம். மாவுப்பூச்சி கண்டால், கொடிக்குப் பத்து வீதம் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டை வாங்கி விடுங்கள். அதற்கு முன் தண்டில் ஏறும் எறும்பை ஒழிக்கவேண்டும், எறும்பு இருக்குமட்டும் பொறிவண்டை அண்டவிடாது.

ஆனால் இவை யாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது பந்தலுக்கடியில் விழும் வெயிலை. உச்சிப்பொழுதில் தரையைப் பாருங்கள். நிழலினிடையே காசு காசாக வெயில் உதிர்ந்திருக்கவேண்டும். முழு இருளாக இருந்தால் நடுவிலுள்ள கிளைகளைக் களையுங்கள். ஏனெனில் அடுத்த பருவத்துக்குக் குலையாகப் போகிற மொட்டுகள் இந்தப் பருவத்துக் கிளையிலேயே இப்போது உருவாகிக்கொண்டிருக்கின்றன, வெயில் படாத மொட்டில் இலை மட்டுமே பிறக்கும். இந்த உண்மையை அறியாமல், “இந்த வருஷம் நன்றாகத்தானே காய்த்தது, அடுத்த வருஷம் ஏன் ஏமாற்றியது?” என்று உரத்தின்மேல் பழி சொல்வோர் பலர்.

சித்திரையில் கொடிக்குச் செய்ய அதிகம் இல்லை. அறுவடைக்குப் பதினைந்து நாள் முன் தண்ணீரை நிறுத்தவேண்டும். கிளிக்கும் கொண்டைக்குருவிக்கும் வௌவாலுக்கும் வலை கட்டவேண்டும். பறித்தபின் திராட்சை பழுக்காது. ஆகையால் குலையின் அடிநுனிக் காயைச் சுவைத்துப் பார்த்து, அது இனித்தபின்பே, விடியற்காலையில், கத்தரியால் வெட்டவும். கோடைமழை வரும் அறிகுறி தெரிந்தால் பழுத்த குலையை மறுநாளுக்கு வைக்காதீர்கள், வெடித்துவிடும்.

இனி எண்ணெய் மரத்துக்கு வருவோம். வில்லியனூர் மாதா கோயிலில் குருத்தோலை ஞாயிறன்று பவனியில் வருகிறவர்கள் கையில் பிடிப்பது தென்னங்குருத்து. அதே நாளில் இத்தாலியிலும் தென்பிரான்சிலும் ஒலிவக் கிளையைப் பிடிக்கிறார்கள். பவனிக்குக் கிளை வேண்டும். எந்தக் கிளை என்பதை அந்தந்த மண் நிர்ணயிக்கிறது. அப்படியே, பல தலைமுறைக்கு நின்று, பராமரிப்பின்றி, விளக்குக்கு எண்ணெய் கொடுக்கும் ஒரு மரம் தோட்டத்து ஓரத்தில் வேண்டுமானால், நம்முடைய மண் நீட்டுகிற கிளை இலுப்பை. மயிலாடுதுறைப் பக்கத்தில் இலுப்பைப்பட்டு என்று ஊர்ப்பெயராகவும், அவ்வூர்க் கோயிலின் தலவிருட்சமாகவும் நிற்கிற மரம். ஒலிவத்துக்கு இல்லாத வசந்தம் இதற்கு இங்கே உண்டு. மாசியில் இலையுதிர்த்து, பங்குனி, சித்திரையில் செம்புநிறத் தளிரோடு கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. இரவில் மலர்ந்து, விடியுமுன் தன் இதழைத் தரையில் உதிர்த்துவிடுகிறது. இதழ் என்றால் மெல்லிதழ் அன்று, பாலேடு நிறத்தில் சதைப்பற்றோடு கூடிய சிறு குமிழ். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொன்னவர்கள் அதைத் தின்று பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். கரும்பு விளைகிற நம் கொம்யூன் கிராமங்களிலும் அது தின்னத்தக்கதுதான்.

இலுப்பை வைத்திருப்பவர் மாசிக் கடைசியில் மரத்தடியைச் செத்தி, சாணம் தெளித்துச் சுத்தமாக்கவேண்டும். சருகைக் கொளுத்தவேண்டாம், தீ வேரையும் கீழே முளைத்த கன்றுகளையும் கெடுக்கும். பூ விழத் தொடங்கியதும் பழைய சேலைகளை விரித்து, வெயில் வருமுன் பொறுக்கி, மூன்று நான்கு நாள் நன்றாகக் காயவைத்தால் உலர்ந்த திராட்சை போல் சுருங்கி நிற்கும். வறுத்துத் தின்னலாம், களியில் சேர்க்கலாம். ஈரத்தோடு குவித்தால் ஒரே இரவில் புளித்துவிடும். பூவுக்காகக் கிளையை உலுக்கக்கூடாது. உலுக்கினால் காய் பிடிக்கவேண்டிய பிஞ்சும் போய்விடும். இரவில் வௌவால் வருவதைத் தடுக்கவும் வேண்டாம். திராட்சைப் பந்தலில் நமக்குச் சத்துருவாக இருக்கும் அதே பிராணிதான் இலுப்பைப் பூவை மகரந்தம் சேர்த்துக் காய்க்கச் செய்வதும், பழத்தைத் தின்று விதையை வெளியில் கொண்டுபோய்ப் போடுவதும். ஆகையால் பந்தலுக்கு வலை கட்டுங்கள், மரத்துக்குக் கட்டாதீர்கள், இரண்டுக்குமிடையே தோட்டத்தின் முழு நீளத்தை விடுங்கள்.

பழம் பழுப்பது ஆனி, ஆடியில். விதையை உடைத்து எடுத்த பருப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். செக்கில் அத்தனையும் இறங்கிவிடாது. அந்த எண்ணெய் குளிர்ந்தால் நெய்போல் உறையும், நின்று நிதானமாக எரியும். பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக்கூடாது. தலைக்குத் தேய்க்கும் அரப்பாக நம் பாட்டிமார் அதை உபயோகித்தனர். குளத்தில் விழுந்தால் மீன் செத்து மிதக்கும், ஆகவே வாய்க்காலோரம் கொட்டக்கூடாது.

கன்று காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும். இதைக் கேட்டவுடன் முகம் வாடுகிறவர்களுக்கு நான் சொல்வது: எட்டு மீட்டர் இடைவெளியில் நட்ட கன்றுகளுக்கிடையே மாசிப் பட்டத்தில் எள் விதையுங்கள். ஏக்கருக்கு இரண்டு கிலோ விதையை மணலோடு கலந்து தூவி, பதினைந்தாம் நாள் அரை அடிக்கும் முப்பதாம் நாள் ஓரடிக்கும் ஒரு செடியாகக் கலைத்துவிட்டால், எண்பது, எண்பத்தைந்து நாளில் சித்திரை, வைகாசி வெயிலில் அறுத்துக் காயவைக்கலாம். நமக்கு மிக அருகிலுள்ள திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து டி.எம்.வி. 3 பழகிய ரகம். நீர் தேங்கினால் எள் அழுகும். அதைத் தவிர அதற்கு நம்மிடம் கேட்க ஒன்றுமில்லை. சமையலுக்கு வேண்டிய எண்ணெய் இதிலிருந்து வரும், இலுப்பை அதன் பாட்டில் வளரட்டும். இளங்கன்றுக்கு முதல் மூன்று கோடையிலும் வாரம் ஒரு குடம் தண்ணீரும், தூரைச் சுற்றிக் கரும்புச் சோகை மூடாக்கும், ஆடு கடிக்காமல் முள்வேலியும் போதும்.

வைகாசியில் குலை அறுத்து முடித்ததும் கொடிக்குச் சில நாள் ஓய்வு கொடுத்து, ஆனி பிறக்குமுன் இரண்டாம் கவாத்தைச் செய்துவிடுங்கள். அந்தப் பயிர் ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகி, ஐப்பசி மழைக்கு முன் பந்தல் காலியாகிவிடும். வெட்டிய கிளைகளில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளை நாலு கணு வைத்து நறுக்கி, மணலும் எருவும் கலந்த பைகளில் ஊன்றினால் பந்தலில் விட்ட இடத்தை நிரப்பக் கன்று கிடைக்கும். அப்போதே இலுப்பைக்கும் இருபது முப்பது பைகளில் மண் நிரப்பி நிழலில் அடுக்கிவிடவேண்டும். இலுப்பை விதை பழத்திலிருந்து வந்த சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடுமாதலால், முதற்பழம் விழுகிற அன்று பை தயாராக இருக்கவேண்டும். பை ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ளதாக இருக்கட்டும், அதன் ஆணிவேர் நேரே கீழே இறங்கும் சுபாவம் உடையது.